ஜீவா வென்ற தேர்தல்

ஏரியூர்ப் பக்கம் தோழர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இடதுசாரித் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் ஜெயிக்க முடியுமா? கேட்பவர்கள் காரணத்தோடுதான் கேட்கிறார்கள். ஏரியூர் அடங்கிய பென்னாகரம் தொகுதி 2011-இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் நஞ்சப்பனைச் சட்டசபைக்கு அனுப்பியது. 2016-இலோ தமிழகம் முழுவதிலும் இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. அவர்களுக்கு நாம் ஜீவாவின் கதையைச் சொல்லுவோம்.

பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவானந்தம், காந்தியத்தில் தொடங்கி, சுயமரியாதை இயக்கத்தில் கலந்து, பொதுவுடைமைக்கு வந்து சேர்ந்தவர். பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழாக்கிச் சிறை சென்றார். 1937-இல் ‘ஜனசக்தி’யின் ஆசிரியரானார். 1949-இல் கட்சி தடை செய்யப்பட்ட நாட்களில் தலைமறைவாகத் திரிந்தார். தடை நீங்கிய சூட்டோடு வந்தது 1952 தேர்தல். தொழிலாளர் நிறைந்த வண்ணாரப்பேட்டை அவரை வெற்றி பெறச் செய்தது. பழைய சென்னை ராஜ்யம் முழுவதிலும் கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லாமற் போயிற்று.

ஜீவாவின் நாவன்மையே வென்றது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லுவதுண்டு. பெருமை சரிதான், கணக்குத்தான் சரியில்லை. அரிசித் தட்டுப்பாட்டால் ஜனங்கள் அன்று கொதித்துக் கிடந்தார்கள். பெரியார் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். தி.மு.க. போட்டியிடவில்லை. ஆளுங்கட்சியின்மீது இருந்த கோபம் பல வாய்க்கால்களில் சிதறாமல் ஒரே மடைக்கு வந்து சேர்ந்தது.

1957-இல் அதே ஜீவா, அதே நாவன்மை. இடையில் ஐந்தாண்டு சட்டசபையில் தமிழுக்காகவும் உழைப்பாளிகளுக்காகவும் வாதாடியவர் வேறு. ஆயினும் தோற்றார். ஆந்திரமும் மலபாரும் பிரிந்துபோயிருந்தன, குலக்கல்வியை ஒழித்த காமராசர் பக்கம் பெரியார் நின்றார், தி.மு.க. களமிறங்கி 15 இடங்களைப் பெற்றது. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 4. அதே ஆண்டில் பக்கத்துக் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபை அமைத்தார் என்பதையும் மறக்கவேண்டாம். அங்கே கட்சி தானே பெரிய சக்தி, இங்கே அப்படியில்லை. இதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

தோல்விக்குப் பின் ஜீவா ஓய்ந்துவிடவில்லை. ‘தாமரை’ இதழை நடத்தினார். 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றத்தை அமைத்தார். சட்டசபைக்கு மட்டும் அவர் மீளவேயில்லை. தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த அவர் 1963 ஜனவரியில் மறைந்தார். அடுத்த ஆண்டே கட்சி இரண்டாகப் பிளந்தது. 1967-இல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்த மார்க்சிஸ்டுகள் 11 இடங்களில் வென்றார்கள். அந்த அணியில் சேராத இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். பென்னாகரத்தில் 2011-இல் கிடைத்த வெற்றியும் அ.தி.மு.க. அணியில் நின்று கிடைத்ததுதான்.