கடல் பசுவை உயிருடன் பார்த்த ஒரே விஞ்ஞானி... கடல் சிங்கத்துக்குப் பெயர் தந்தவர்... யார் இந்த ஸ்டெல்லர்?

உலகில் உள்ள கடல் சிங்க இனங்களிலேயே மிகப் பெரியது ஸ்டெல்லர் கடல் சிங்கம். நன்கு வளர்ந்த ஆண் ஒரு டன் எடையைத் தொடும். அலாஸ்கா, ரஷ்யாவின் கம்சட்கா, ஜப்பானின் வடக்குப் பகுதி என வட பசிபிக் கரைகளில் வாழ்கிறது. அதே கடலில் ஸ்டெல்லர் கடல் பசு என்று இன்னொரு விலங்கும் இருந்தது. இன்று அது இல்லை.

இரண்டுக்கும் பெயர் தந்தவர் ஒருவரே: கியோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர். வாழ்ந்தது 37 வருஷம்தான். ஆனா ஒரு கடல் விலங்கு எதைத் தின்கிறது, எங்கே தின்கிறது, எப்போது பட்டினி கிடக்கிறது என்று அவர் எழுதி வைத்த குறிப்புகள் இன்றைய கடல் பாதுகாப்பு ஆய்வுகளுக்கும் தேவைப்படுகின்றன.

மதம் படிக்கப் போனவர் மருத்துவர் ஆன கதை

ஜெர்மனியின் விண்ட்ஸ்ஹைம் என்ற சிற்றூரில் 1709 மார்ச்சில் பிறந்தார் ஸ்டெல்லர். விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். மனசு அதில் நிற்கவில்லை. ஹாலே நகருக்குப் போய் மருத்துவமும் தாவரவியலும் படித்தார். ஜெர்மனியில் நல்ல வேலை கிடைக்காததால், 1734-இல் காயம்பட்ட ரஷ்ய வீரர்களை ஏற்றிச் சென்ற கப்பலில் மருத்துவராக ஏறி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்.

அப்போது ரஷ்யா ஒரு பிரம்மாண்டத் திட்டத்தில் இறங்கியிருந்தது. சைபீரியாவைத் தாண்டி, பசிபிக் கடலையும் கடந்து, அமெரிக்கக் கண்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தலைவர், டென்மார்க்கில் பிறந்த மாலுமி விட்டஸ் பெரிங். இந்தப் பயணத்துக்கு இயற்கை ஆய்வாளராக ரஷ்ய அறிவியல் அகாதெமி ஸ்டெல்லரை நியமித்தது.

புறப்படும் முன் பிரிகிட்டா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். உடன் வருவதாக இருந்த மனைவி மாஸ்கோவோடு நின்றுவிட்டார். ஸ்டெல்லர் தனியாகவே சைபீரியாவைக் கடந்து 1740-இல் கம்சட்கா சேர்ந்தார்.

பத்து வருட ஏற்பாடு... பத்து மணி நேர ஆய்வு!

1741 ஜூனில் 'செயின்ட் பீட்டர்', 'செயின்ட் பால்' என இரு கப்பல்கள் கிளம்பின. சில நாட்களிலேயே மூடுபனியிலும் புயலிலும் ஒன்றையொன்று தவறவிட்டன. ஸ்டெல்லர், பெரிங் இருவரும் இருந்தது 'செயின்ட் பீட்டரில்'. ஜூலையில் அலாஸ்காவின் பனிமலைகள் கண்ணில் பட்டன.

ஆனா பெரிங்குக்கு அவசரம். குடிநீர் பிடித்ததும் திரும்ப வேண்டும் என்பதே அவர் முடிவு. கடும் வாக்குவாதத்துக்குப் பிறகுதான் கயாக் தீவில் இறங்க ஸ்டெல்லருக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சுமார் பத்து மணி நேரம் மட்டுமே. ஏறக்குறைய பத்து வருடம் ஏற்பாடு நடந்த பயணத்தில் ஆய்வுக்குக் கிடைத்த நேரம் இவ்வளவுதான் என்று அவர் நொந்துபோய் எழுதினார்.

அந்த நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. செடிகளைச் சேகரித்தார். மனிதர்கள் சமைத்த இடத்தையும், உணவைச் சேமித்து வைத்திருந்த நிலவறையையும் கண்டார். உதவியாளர் சுட்டுக் கொண்டுவந்த ஒரு நீலப் பறவையைப் பார்த்ததும், வட அமெரிக்கப் பறவைகள் பற்றிய புத்தகத்தில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. வந்து சேர்ந்திருப்பது அமெரிக்காதான் என்று உறுதி செய்தார். அந்தப் பறவை இன்று ஸ்டெல்லர் ஜே எனப்படுகிறது.

அறிவுரையைக் கேட்காத அதிகாரிகள்

திரும்பும் வழியில் ஒரு தீவில் மாலுமிகள் தண்ணீர் பிடித்தார்கள். அது உப்பு கலந்த நீர், வேண்டாம் என்றார் ஸ்டெல்லர். கேட்கவில்லை. வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய் ஏற்கெனவே கப்பலில் பரவிக்கொண்டிருந்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, நடக்க முடியாமல் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பச்சைக் கீரைகளைத் தின்றால் நோய் குறையும் என்று ஸ்டெல்லர் கண்டிருந்தார். கரையில் அவற்றைச் சேகரிக்க ஆள் கேட்டார், தரவில்லை. தானே பறித்து வந்ததைக் கொடுத்தபோது சிலர் தேறினார்கள்.

1741 நவம்பரில், மனிதர்களே இல்லாத ஒரு தீவில் கப்பல் ஒதுங்கியது. டிசம்பரில் பெரிங் அங்கேயே இறந்தார். இன்று அதன் பெயர் பெரிங் தீவு. இந்தப் பயணத்தில் 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மிஞ்சியவர்கள் மணலில் குழி தோண்டி, பாய்மரத் துணியைக் கூரையாகப் போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

பட்டினித் தீவில் ஓர் ஆய்வகம்

முதலில் அவர்களைக் காப்பாற்றியது கடல் நீர்நாய். இறைச்சி சாப்பாட்டுக்கு, தோல் விற்பனைக்கு. அதன் ரோமத்துக்குச் சீனாவில் பெரிய விலை உண்டு. வேட்டை அதிகமாக ஆக, நீர்நாய்கள் முகாமை விட்டு விலகிப் போயின. வசந்தத்தில் ஃபர் சீல்களும் கடல் சிங்கங்களும் கரையேறின. ஸ்டெல்லர் அவற்றின் அருகிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து, சண்டை, இணைசேர்தல், குட்டி வளர்ப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கரையோர ஆழமில்லாத நீரில் இன்னொரு விலங்கு மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தது. அதுதான் கடல் பசு. 1742 ஜூலையில் ஸ்டெல்லர் ஒரு பெண் கடல் பசுவை அறுத்து அளந்தார். நீளம் சுமார் ஏழரை மீட்டர். வாயில் பல்லே இல்லை. கடற்பாசியை அரைக்க இரண்டு கடினமான தட்டுகள் மட்டும் இருந்தன. வயிறு முழுக்க கடற்பாசி. உணவுப் பாதையின் மொத்த நீளம் 150 மீட்டர் அளவுக்கு வந்தது!

மழை, குளிர், ஒரே நாற்றம். உதவிக்கு வந்த மாலுமிகளுக்குக் கூலி புகையிலை. இதற்கிடையே ஆர்க்டிக் நரிகள் அவருடைய காகிதத்தையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டு ஓடின.

அவர் எழுதியது உடல் அளவுகளை மட்டுமல்ல. கடல் பசு தலையைத் தண்ணீருக்குள் வைத்தபடி மேயும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மூக்கைத் தூக்கும், குளிர்காலத்தில் விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலியும் என்றெல்லாம் குறித்தார். கொல்லப்பட்ட பெண் விலங்கைத் தேடி அதன் ஆண் துணை மறுநாளும் கரைக்கு வந்ததையும் பதிவு செய்தார். கடல் பசுவின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதிய அறிவியலாளர் இவர் ஒருவர்தான்.

உடைந்த கப்பலின் மரத்தில் சிறு படகு கட்டி, 1742 ஆகஸ்டில் 46 பேர் கம்சட்கா திரும்பினார்கள். படகில் இடமில்லாததால் கடல் பசுவின் எலும்புக்கூட்டை ஸ்டெல்லர் விட்டுவர வேண்டியதாயிற்று.

27 வருடத்தில் முடிந்த கதை

தப்பி வந்தவர்கள் கொண்டுவந்த நீர்நாய்த் தோல்களைப் பார்த்ததும் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அடுத்த வருடமே வேட்டைக் கூட்டம் கிளம்பியது. போகிற வழியில் பெரிங் தீவில் தங்கி, கடல் பசுவைக் கொன்று, இறைச்சியைச் சேமித்துக்கொண்டு போவது வழக்கமானது. ஒரு கடல் பசு விழுந்தால் மொத்தக் குழுவுக்கும் வாரக்கணக்கில் சாப்பாடு. ஸ்டெல்லர் காலத்தில் அவற்றின் எண்ணிக்கையே 1,500-க்கும் குறைவு என்று ஸ்டெல்லரின் வரலாற்றை எழுதிய லியோன்ஹார்ட் ஸ்டெய்னெகர் பின்னாளில் கணக்கிட்டார்.

வேட்டையைத் தடுக்கச் சொல்லி 1755-இல் யாகோவ்லெவ் என்ற சுரங்கப் பொறியாளர் கம்சட்கா அதிகாரிகளிடம் முறையிட்டார். பலன் இல்லை. 1768-இல் கடைசி விலங்கும் கொல்லப்பட்டதாகப் பதிவு. ஸ்டெல்லர் கண்ணில் பட்டு 27 வருடத்தில் ஓர் இனமே காலி.

வேட்டை மட்டும்தான் காரணமா? கடல் நீர்நாய் விரும்பித் தின்பது, மேலெல்லாம் முள் கொண்ட கடல் முள்ளெலிகளை. நீர்நாய் குறைந்தால் முள்ளெலி பெருகும். அது கெல்ப் எனும் பெரிய கடற்பாசிக் காடுகளை மொட்டையடித்துவிடும். கடல் பசுவின் உணவு அந்தப் பாசிதான். எனவே நீர்நாய் வேட்டையே கடல் பசுவின் தட்டையும் காலி செய்திருக்கலாம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள்.

ஸ்டெல்லருக்கு என்ன ஆனது?

கம்சட்காவில் ரஷ்ய அதிகாரிகள் பூர்வகுடி மக்களான இதெல்மென்களை நடத்திய விதம் ஸ்டெல்லருக்குப் பொறுக்கவில்லை. சிறையில் இருந்த சிலரை விடுவித்தார். கலகத்தைத் தூண்டியதாக அவர் மீதே புகார் போனது. இர்குட்ஸ்க் விசாரணையில் குற்றமற்றவர் என்று ஆனது. ஆனா அந்தத் தகவல் தலைநகருக்குப் போகும் முன், அவரைப் பிடிக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வந்துவிட்டது. வீடு நோக்கிப் பாதி வழி வந்தவர் மீண்டும் சைபீரியாவுக்குத் திருப்பப்பட்டார். பிறகு விடுதலை கிடைத்தும் உடல் தாங்கவில்லை. 1746 நவம்பரில் தியுமென் நகரில் காய்ச்சலில் இறந்தார்.

கடல் பசு, கடல் சிங்கம், ஃபர் சீல், கடல் நீர்நாய் பற்றி லத்தீனில் அவர் எழுதிய நூலை 1751-இல்தான் அகாதெமி வெளியிட்டது. அச்சில் பார்க்க அவர் இல்லை. அந்த வர்ணனையை வைத்தே 1776-இல் கடல் சிங்கத்துக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

கடல் சிங்கம் ஏன் குறைந்தது?

1970-களின் நடுவிலிருந்து 2000 வரை, மேற்கு அலாஸ்காவில் ஸ்டெல்லர் கடல் சிங்கங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. 1990-இல் அமெரிக்கா அவற்றைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 1997-இல் கிழக்கு, மேற்கு என இரு கூட்டங்களாகப் பிரித்து, மேற்குக் கூட்டம் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தது. இரண்டையும் பிரிக்கும் கோடு, ஸ்டெல்லர் இறங்கிய கயாக் தீவுக்குப் பக்கத்தில்தான் போகிறது.

காரணம் தேடியவர்கள் ஸ்டெல்லரின் கேள்விக்கே திரும்பினார்கள்: இது என்ன சாப்பிடுகிறது? கரையில் கிடக்கும் கழிவைச் சேகரித்து அலசி, அதிலுள்ள மீன் எலும்புகளைப் பார்த்தால் தின்ற மீன் எது என்று தெரியும். தோலடிக் கொழுப்பின் ரசாயனத்திலும் உணவின் தடயம் இருக்கும். உடலில் ஒட்டும் செயற்கைக்கோள் கருவி, எங்கே போய் இரை தேடுகிறது என்று காட்டும்.

இவற்றில் கிடைத்த ஒரு விளக்கம் சுவாரசியமானது. 1976-77 வாக்கில் வட பசிபிக் கடலின் தட்பவெப்பம் மாறியது. நம்ம மத்தி மீனுக்கு உறவான, கொழுப்பு நிறைந்த ஹெர்ரிங் போன்ற மீன்களுக்குப் பதில், கொழுப்பு குறைந்த பொல்லாக் மீனே கடல் சிங்கங்களுக்கு அதிகம் கிடைத்தது. வான்கூவரில் வளர்க்கப்பட்ட கடல் சிங்கங்களுக்கு பொல்லாக் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, வேண்டிய அளவு தின்றும் எடை குறைந்தது. வயிறு நிறைந்தாலும் சத்து போதவில்லை.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பெருகிவிட்ட மீன்பிடித் தொழில், ஓர்கா திமிங்கிலங்களின் வேட்டை, மீனவர்கள் சுட்டது, வலையில் சிக்கியது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆனா ஒரு விஷயம் தெளிவு. தாய் கடலுக்குப் போய் இரை தின்று, கரைக்கு வந்து குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பக்கத்தில் மீன் இல்லைன்னா குட்டி பட்டினி. அதனால்தான் குட்டி ஈனும் இடங்களைச் சுற்றி மீன்பிடிக்கக் கட்டுப்பாடுகள் வந்தன. கிழக்குக் கூட்டம் தேறி, 2013-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மேற்கில் சில பகுதிகளில் எண்ணிக்கை கூடியும், அலூஷியன் தீவுகளின் மேற்கு முனையில் சரிவு நிற்கவில்லை.

நம் கடலிலும் ஒரு சொந்தம்

ஸ்டெல்லர் கடல் பசுவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு நமக்குத் தெரிந்த கடல் பசுதான். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கு பாக் விரிகுடாவில் கடற்புல் மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கி.மீ. கடற்பகுதியை, நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அங்கே காக்கப்படுவது விலங்கு மட்டுமல்ல, அது மேயும் கடற்புல் வெளியும்தான். பெரிங் தீவின் கடல் பசுவுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைக்கவே இல்லை.