பனியைப் பார்த்து மழையைக் கணித்தவர்

கோடை வந்தால் குரோம்பேட்டையில் ஏரியின் நீர்மட்டத்தையும் தண்ணீர் லாரியின் விலையையும் பேசுவோம். இமயத்தின் பனியைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, அதை அரசின் முன்னறிவிப்பாக்கியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. பொருளியல் கற்பித்த எனக்கு, அவருடைய வாழ்க்கை நமது பஞ்ச வரலாற்றின் ஒரு பகுதியாகவே தெரிகிறது.

லண்டனில் 1834-இல் பிறந்த பிளான்ஃபோர்டு, 1855-இல் அண்ணன் வில்லியமுடன் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்ச்சேரில் அவர்கள் ஆராய்ந்த பாறைப் படிவு, வெயில் கொளுத்தும் அந்நிலம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிக்கட்டியால் மூடியிருந்ததற்குச் சான்றானது. திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை வகைப்படுத்தி, ஊட்டத்தூர், அரியலூர் ஆகிய பெயர்களைப் புவியியல் நூல்களில் நிலைபெறச் செய்தார். பின்னர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். 1875-இல் வானிலைத் துறை தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தனர். அப்போதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. மழையை முன்கூட்டியே கணிக்குமாறு அரசு பிளான்ஃபோர்டிடம் கேட்டது. இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் வறண்ட காற்று வலுத்துப் பருவமழை குறைவதாக அவர் 1884-இல் எழுதினார். 1882 முதல் சோதனையாக வெளியான கணிப்புகள், 1886-இல் முறையான முன்னறிவிப்பாயின. 1893-இல் அவர் காலமானார்.

அவர் கண்ட உறவு பிற்காலத்தில் சில பத்தாண்டுகளில் தளர்ந்தது. ஒரே அறிகுறியைக் கொண்டு பருவமழையைக் கணிக்க இயலாது என்பதை அறிவியல் உணர்ந்தது. ஆயினும், தொலைவிலுள்ள பனியின் மாற்றம் சமவெளி மக்களின் வாழ்வைப் பாதிக்கும் என்ற அவரது பார்வை பிழையாகவில்லை.

இன்று பனி மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலமும் வெப்பத்தால் இளகுகிறது. மண்ணையும் பாறையையும் பிணைத்திருந்த பனி உருகினால் மலைச்சரிவுகள் உறுதி இழக்கின்றன. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் அத்தகைய உறைசரிவு ஒன்று இடிந்து விழுந்தது. அதனால் எழுந்த வெள்ளம் தீஸ்தா-3 அணையையே அடித்துச் சென்றது.

முன்னறிவிப்பால் மட்டும் யாரும் பிழைத்துவிடுவதில்லை. 1877-இல் தானியம் இருந்தும் அதை வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லை. இன்றும் உறைநிலத்தைக் கண்காணிக்கும் செலவும், எச்சரிக்கைக்குப் பின் அரசு இயங்கும் வேகமும் சேர்ந்தால்தான் உயிர்கள் காக்கப்படும். மலையில் அணைக்கு ஒப்புதல் தருமுன், மேலேயுள்ள நிலம் எவ்வளவு உறுதியானது என்று கேட்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.