பேனா பிடித்த வீரர் ஷோயபுல்லா கான்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது மரபு. பாரதியார், வ. உ. சிதம்பரனார், திரு. வி. க. போன்ற தமிழ்நாட்டுப் பெரியோர்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். அது முறையே. ஆயினும், நமக்கு வேலையும் சோறும் கொடுத்து, நம் குழந்தைகளுக்குப் பள்ளியும் கொடுத்த இந்த ஐதராபாத் நகரத்திலும் வணங்கத்தக்க பெரியோர் வாழ்ந்து மறைந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், இருபத்தெட்டு வயது நிறையுமுன்னரே உயிரை ஈந்த பத்திரிகையாசிரியர் ஷோயபுல்லா கான். படித்துப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், பிறர் உரிமைக்காகத் தம் தொழிலையே கருவியாக்கிக்கொண்ட வரலாறு அது. காலனியில் வளரும் நம் பிள்ளைகள் அதனை அறிதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் செல்லும் அன்பர்கள், வாரங்கல்லுக்கும் டோர்ணக்கல்லுக்கும் இடையே மகபூபாபாத் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். மானுகோட்டை என்பது அவ்வூரின் மற்றொரு பெயர். அதனைச் சார்ந்த சுப்ரவேடு என்னும் சிற்றூரில் 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் ஷோயபுல்லா கான் பிறந்தார். தந்தையார் ஹபீபுல்லா கான் ரயில்வே போலீஸில் பணியாற்றியவர். எனவே நம் பிள்ளைகளைப் போலவே அவரும் ஒரு ரயில்வே குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பிறந்த காலத்தில் மகாத்மா காந்தியடிகள் அந்த நிலையத்தின் வழியாகச் சென்றதாகவும், அடிகளைக் கண்டு திரும்பிய தந்தை, மகவின் கண்களிலும் அதே ஒளியைக் கண்டு அவரை ஷோயபுல்லா காந்தி என்று செல்லமாக அழைத்ததாகவும் ஒரு செய்தி இப்பகுதியில் வழங்குகிறது.

அக்காலத்து ஐதராபாத் சமஸ்தானம் எத்தகையது என்பதை இளைய தலைமுறையினர் அறிய வேண்டும். 82,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு. 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது எனப் பல மொழி பேசுவோர் வாழ்ந்த நாடு. ஆனால் ஆட்சியில் குடிமக்களுக்குப் பங்கில்லை. 1929-ஆம் ஆண்டில் 53-ஆம் எண் கொண்ட சுற்றறிக்கை ஒன்று பிறந்தது. முன்கூட்டியே அனுமதி பெறாமல் பொதுக்கூட்டம் நடத்தலாகாது என்பது அதன் சாரம். சுற்றறிக்கை என்றால் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு தாள் ஒரு நாட்டின் வாயையே கட்டிவிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. 1938-இல் சமஸ்தான காங்கிரசுக்கும் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில், விடுதியில் வந்தே மாதரம் பாடிய மாணவர் பலர் உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தினின்று நீக்கப்பட்டனர். அப்பொழுது ஷோயபுல்லாவுக்கு வயது பதினெட்டு.

1918-இல் தோன்றிய அந்த உஸ்மானியாப் பல்கலைக் கழகத்திலேயே ஷோயபுல்லாவும் பயின்று பட்டம் பெற்றார். உருது மொழியில் உயர்கல்வி அளித்த பெருங்கூடம் அது. அங்குப் பட்டம் பெற்ற முஸ்லிம் இளைஞருக்குச் சர்க்கார் உத்தியோகம் அந்நாளில் எட்டாக் கனியன்று. நாற்காலியும் சம்பளமும் காத்திருந்தன. அவரோ அவற்றை நாடவில்லை. பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். முதலில் 'தேஜ்' என்னும் உருதுப் பத்திரிகையில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆட்சியாளரைக் குறைகூறிய குற்றத்திற்காக அது தடை செய்யப்பட்டது. பின்னர், வக்கீலும் தேசபக்தருமான மந்துமுல நரசிங்க ராவ் நடத்திய 'ரய்யத்' பத்திரிகையில் பணி ஏற்றார். ரயத்துவாரி என்னும் சொல்லில் நாம் அறிந்திருக்கும் அதே ரயத்துதான் இது. உழுது வாழும் குடிமகன் என்று பொருள். அப்பத்திரிகையும் தடைக்கு உள்ளாயிற்று.

இரண்டு முறை வேலை போன பின், மூன்றாம் முறை பாதுகாப்பான இடம் தேடுவதே உலக இயல்பு. ஷோயபுல்லா கானோ தாமே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். வக்கீல் பூர்குல ராமகிருஷ்ண ராவ் அவருக்குத் துணை நின்றார். இவரே பின்னாளில், 1952-இல், ஐதராபாத் ராஜ்யத்தின் முதலமைச்சரானவர். 1947-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் 'இம்ரோஸ்' என்னும் உருது நாளிதழின் முதல் இதழ் வெளிவந்தது. இம்ரோஸ் என்றால் இன்று என்பது பொருள். காச்சிகுடாவில் அதன் அலுவலகம் அமைந்தது. நிஜாம் ரயில்வேயின் பெரிய நிலையம் விளங்கும் அதே காச்சிகுடாதான்.

அந்த மாதம் 29-ஆம் நாள் நிஜாமுக்கும் இந்திய சர்க்காருக்கும் இடையே நிலைமாறா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஓராண்டு வரை உள்ள நிலைமை அப்படியே தொடர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நாட்டில் அமைதி தொடரவில்லை. காசிம் ரஜ்வி என்பவரின் தலைமையில் ரஜாக்கர் படையினர் ஊர் ஊராகச் சென்று கொள்ளையும் கொலையும் நடத்தினர். தெலங்கானாக் கிராமங்களிலோ 1946 முதலே கம்யூனிஸ்டுகளின் தலைமையில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்துவந்தது. இருதரப்புக்கும் இடையில் ஏழைக் குடியானவன் வதைபட்டான்.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசிம் ரஜ்வியும் கல்லாதவர் அல்லர். அலிகாரில் படித்து லாத்தூரில் வக்கீல் தொழில் செய்தவர். ஷோயபுல்லாவும் படித்தவர்; ரஜ்வியும் படித்தவர். படிப்பு ஒருவர் கையில் விளக்காயிற்று. மற்றொருவர் கையில் தீப்பந்தமாயிற்று. பிள்ளைகளைப் படிக்க வைப்பதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஷோயபுல்லா கான் தம் இதழில் ரஜாக்கர்களின் அட்டூழியங்களை மறைக்காமல் வெளியிட்டார். பகலில் ஓர் அரசாங்கமும் இரவில் வேறோர் அரசாங்கமும் நடப்பதைக் கண்டித்துத் தலையங்கம் தீட்டினார். சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர வேண்டும் என்றும், ஆட்சி மக்கள் கைக்கு வரவேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் எழுதிய மொழி உருது. அவர் பிறந்த மதம் இஸ்லாம். ஆகவே அவருடைய எழுத்தை அயலார் தூற்றல் என்று எவரும் தள்ளிவிட இயலவில்லை. அதனாலேயே ரஜாக்கர்களின் சினம் அவர்மேல் மிகுந்தது. மிரட்டல்கள் வந்தன. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

1948 ஆகஸ்டு மாதத்தில் ஐதராபாத்தின் முஸ்லிம் பிரமுகர் எழுவர் ஒன்றுகூடி, ரஜாக்கர் படையைக் கலைத்து, யூனியனோடு இணைய வேண்டும் என்று ஓர் அறிக்கை விடுத்தனர். ரஜாக்கர் கொடுமை பொறாமல் சர்க்கார் பதவியையே துறந்த பரீத் மிர்சா அவர்களுள் ஒருவர். அவ்வறிக்கையை 'இம்ரோஸ்' வெளியிட்டது. அதன்பின் சில நாள்களில் நடந்த கூட்டமொன்றில், தம் இயக்கத்திற்கு எதிராக உயரும் கைகள் வெட்டப்பட வேண்டும் என்ற பொருள்பட ரஜ்வி பேசியதாகப் பலரும் எழுதிவைத்துள்ளனர்.

ஆகஸ்டு 21-ஆம் நாள் நள்ளிரவு. அலுவலக வேலை முடித்து, மைத்துனர் இஸ்மாயில் கானுடன் ஷோயபுல்லா வீடு திரும்பிக்கொண்டிருந்தார். காச்சிகுடாவை அடுத்த சப்பல் பஜார் வீதியில் கொலைஞர் அவரை வழிமறித்துச் சுட்டனர். எழுதிய கையை வாளால் துண்டித்தனர். தடுக்க வந்த இஸ்மாயில் கானும் தம் கையை இழந்தார். 22-ஆம் நாள் விடிவதற்குள் ஷோயபுல்லா கானின் உயிர் பிரிந்தது. பெற்றோரையும் மனைவியையும் தவிக்கவிட்டு அவர் மறைந்தார். 'இம்ரோஸ்' பிறந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன.

இருபத்திரண்டு நாள்கள் சென்று, செப்டம்பர் 13-ஆம் நாள் இந்திய ராணுவம் சமஸ்தானத்தில் புகுந்தது; 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். ஷோயபுல்லா வேண்டிய இணைப்பு நிறைவேறிற்று. ஆனால் வரலாறு அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. அதனைத் தொடர்ந்த நாள்களில் மாவட்டங்களில் எளிய முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நேருவின் சர்க்கார் அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை நெடுங்காலம் மக்கள் பார்வைக்கு வரவே இல்லை. அக்குழுவில் இருந்த காஜி அப்துல் கபார், ஐதராபாத்தில் 'பயாம்' என்னும் உருதுப் பத்திரிகையை நடத்தியவர். ஷோயபுல்லா இருந்திருந்தால் அவரும் அந்தத் துயரையும் எழுதியிருப்பார் என்பதே நம் துணிபு. கொடுமை எத்தரப்பிலிருந்து வந்தாலும் கொடுமையே அன்றோ?

உரிமை என்பது நமக்கு வேண்டியவருக்கு மட்டும் உரியதன்று. இதற்கு மேலும் ஒரு சான்று கூறுவோம். 1950-ஆம் ஆண்டில் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை சர்க்கார் விதித்த தடையைச் சுப்ரீம் கோர்ட் செல்லாததாக்கிப் பத்திரிகைச் சுதந்திரத்தை நிலைநாட்டியது. அத்தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார். பிறகு, பீபிநகர் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்ற காசிம் ரஜ்வியே, தம்மை விசாரித்த தனி நீதிமன்றத்தின் நடைமுறை சரியன்று என்று அதே சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். 1953-இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. எனினும் இருவர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதினர். பிறர் வாயை அடைக்க முயன்றவரும் தம் வழக்கை எடுத்துரைக்க இடம் பெற்றார். ஷோயபுல்லா விரும்பிய சுதந்திரத்தின் சிறப்பு அதுவே. ரஜ்வி 1957-இல் விடுதலையாகிப் பாகிஸ்தான் சென்றார்.

ஷோயபுல்லாவுக்குப் பின்னும் இம்மண்ணில் அந்த மரபு அற்றுப்போகவில்லை. தமிழ்க் குடும்பத்தில் தோன்றி ஐதராபாத்தில் வக்கீலாக விளங்கிய கே. ஜி. கண்ணபிரான் (1929–2010), ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கழகத்தின் தலைவராகப் பல ஆண்டு உழைத்தார். அதே கழகத்தில் தொண்டாற்றிய வாரங்கல் குழந்தை மருத்துவர் ராமநாதம் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் தம் மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கணித ஆசிரியராக இருந்து வக்கீலாக மாறிய கே. பாலகோபால் (1952–2009), போலீஸாரின் வன்முறையோடு நக்ஸலைட்டுகளின் வன்முறையையும் தட்டிக் கேட்டார். வக்கீல், மருத்துவர், ஆசிரியர் என ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் கற்றதையே பிறருக்காகப் பயன்படுத்தினர்.

நாம் சம்பளக்காரர்கள், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ரயில்வே ஊழியர்க்கு நடத்தை விதிகள் உண்டு. கட்சி அரசியலில் ஈடுபடலாகாது. ஆனால் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படித்தறிய எந்த விதியும் தடையன்று. பொதுவாக, கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் கொண்டு செல்ல வேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்தாலோசிக்க இடம் தர வேண்டும் என்பன அதில் உள்ளன. தடுப்புக் காவல் சட்டப்படி பிடிக்கப்பட்டோர்க்கு இவை பொருந்தா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்போருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. நள்ளிரவில் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போலீஸார் அழைத்துச் சென்றால், அவன் தாய்க்கு இவற்றை எடுத்துச் சொல்ல நம் காலனியில் ஒருவராவது இருக்க வேண்டாமா? சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் வாரம் ஒரு மாலை சங்கக் கூடத்தில் அமர்ந்து இத்தகைய ஐயங்களுக்கு விடை கூறலாம். தெலுங்கும் உருதும் அறிந்தோர் மனு எழுதிக் கொடுக்கலாம். சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் இதனை ஆவன செய்வார்களாக.

ஷோயபுல்லா கானின் புகழ் வாழ்க! அவர் வழி நிற்கும் இளைஞர் பெருகுக!