பட்டுத் துணியை நம்பிப் பறந்தவர்

போன பருவத்தில் எங்கள் மாணவர் குழு ஒரு மாதிரி விமானம் கட்டியது. இறக்கைக்கு மேல் என்ன துணி போர்த்துவது, அதன்மேல் எத்தனை பூச்சு பூசுவது என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. பளபளப்பாக இருக்கட்டுமே என்று இன்னும் இரண்டு பூச்சு வேண்டும் என அடம்பிடித்தவன் நான்தான். விளைவு? வால் பக்கம் கனத்துப்போய், அதைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் கட்டினோம். விமானம் எழும்பியது, தள்ளாடியது, புல்லில் குத்தி நின்றது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போது படித்ததுதான் இந்த மனிதரின் கதை. அவர் பெயர் அல்பெர்ட்டோ சாந்தோஸ் டுமோன்ட்.

1873-இல் பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பெரிய காப்பித் தோட்ட முதலாளி. தோட்டம் என்றால் நமக்கு ரப்பரும் செம்பனையும்தான் ஞாபகம் வரும். நம் தாத்தா பாட்டி மரம் சீவிய கதை வரும். இவர் அந்தப் பக்கத்து ஆள் இல்லை, பங்களாவில் வளர்ந்த பிள்ளை. ஆனால் பங்களாவில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காப்பிக்கொட்டை சலிக்கும் இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன, எங்கே கெட்டுப்போகின்றன என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தார். தோட்டத்து ரயில் இன்ஜினையும் ஓட்டிப் பழகினார். ஜூன் மாதத் திருவிழாக்களில் மெல்லிய காகிதத்தில் குட்டி பலூன் செய்து, நெருப்புச் சூட்டில் மேலே விடுவார். எடை குறைந்தால்தான் எழும்பும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்பா குதிரை வண்டியிலிருந்து விழுந்து பக்கவாதத்தில் படுத்தபோது தோட்டத்தை விற்றுவிட்டார். மகனுக்குரிய பங்கை முன்கூட்டியே கொடுத்து, பாரிசுக்குப் போய் இயற்பியலும் இயந்திரவியலும் மின்சாரமும் படி என்று அனுப்பிவைத்தார். 1892-இல் அப்பா காலமானார். கையில் பணம், வயது பத்தொன்பது, ஊரோ பாரிஸ். கெட்டுப்போக எல்லா வசதியும் இருந்தது. அவர் தேடிப் போனதோ பலூன் செய்பவர்களை.

1898-இல் லஷாம்பர், மஷுரோன் என்ற இரு பலூன் வல்லுநர்களிடம் தனக்கென்று ஒரு பலூன் கேட்டார். அதுவும் மிகச் சிறியது: சுமார் 113 கன மீட்டர். அதைவிட ஆச்சரியம், உறையை ஜப்பான் பட்டில் செய்ய வேண்டும் என்றார். வல்லுநர்கள் மறுத்தார்கள். இவ்வளவு மெல்லிய பட்டு வாயுவின் அழுத்தத்தைத் தாங்காது, இவ்வளவு சின்ன பலூன் ஆள் அசைந்தாலே ஆடும் என்றார்கள். அவர்கள் சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு. அதை அலட்சியம் செய்ய முடியாது.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. பட்டுத் துண்டை இழுவிசை அளக்கும் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்க வைத்தார். ஒரு சதுர மீட்டருக்கு வெறும் 30 கிராம் எடையுள்ள அந்தத் துணி, ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 700 கிலோ இழுப்பைத் தாங்கியது. பலூனுக்குத் தேவையானதைவிட இது பல மடங்கு அதிகம். ஆட்டத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது: கூடையைத் தொங்கவிடும் கயிறுகளை நீளமாக்கினால் போதும். வல்லுநர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தைத்து முடித்த பட்டு உறையின் எடை மூன்றரைக் கிலோ. வாயு கசியாமலிருக்க மூன்று தடவை வார்னிஷ் பூசினார்கள். எடை 14 கிலோ ஆனது! துணியைவிடப் பூச்சு மூன்று மடங்கு கனம். இதைப் படித்ததும் எங்கள் இறக்கை கண்முன் வந்து நின்றது. நாங்கள் துணியைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட்டோம். பூச்சை ஒருவரும் எடை போடவில்லை. அவருடைய வார்னிஷ் வாயுவை அடைத்து வைக்க அவசியமானது. என்னுடைய இரண்டு பூச்சு அழகுக்கு மட்டும். வலை 1,800 கிராம், கூடை 6 கிலோ என்று ஒவ்வொன்றையும் அவர் இப்படித்தான் குறைத்தார். 1898 ஜூலை 4 அன்று ‘பிரேசில்’ என்ற அந்தப் பலூன் பாரிஸ் வானில் ஏறியது. இறங்கியதும் அதைக் கைப்பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்!

பிறகு பெட்ரோல் இன்ஜின் பூட்டிய வான்கப்பல்கள். எல்லாம் வெற்றி இல்லை. முதலாவது கப்பல் இறங்கும்போது வாயு சுருங்கியது. காற்றடைத்து உறையை விறைப்பாக வைக்க வேண்டிய பம்புக்குச் சக்தி போதவில்லை. கப்பல் நடுவில் பேனாக்கத்தி போல மடிந்தது. கீழே பட்டம் விட்டுக்கொண்டிருந்த சிறுவர்களைக் கூவி அழைத்து, தொங்கும் கயிற்றைப் பிடித்துக் காற்றுக்கு எதிராக ஓடச் சொன்னார். பட்டம் விடத் தெரிந்த பிள்ளைகள், உடனே புரிந்துகொண்டார்கள். உயிர் பிழைத்தார். 1901 ஆகஸ்டில் ஐந்தாவது கப்பல் வாயு கசிந்து தொய்ந்து, ஒரு ஓட்டல் கூரையில் மோதி வெடித்தது. பியானோ கம்பியால் இழுத்துக் கட்டிய பைன் மரச் சட்டம் முறியாமல் நின்றதால் தப்பித்தார். அன்று மாலையே அடுத்த கப்பலுக்கு வேலை தொடங்கிவிட்டார். அக்டோபர் 19 அன்று அந்த ஆறாவது கப்பலில் ஐஃபல் கோபுரத்தைச் சுற்றி வந்து, ஒரு லட்சம் பிராங்க் பரிசை வென்றார். பரிசுப் பணத்தில் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தன் வேலையாட்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார். தொழில் கருவிகளை அடகு வைத்திருந்தவர்கள் அவற்றை மீட்க அது உதவியது.

1906 அக்டோபர் 23-இல், மக்கள் கண்ணெதிரே, மூங்கிலும் பட்டும் கொண்டு கட்டிய தன் விமானத்தில் 60 மீட்டர் பறந்தார். நேர்மையாகச் சொல்லப்போனால், அதற்கு முன்பே, 1903-இல், ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். அவர்கள் எடுத்தது பட்டு இல்லை, சாதாரண மஸ்லின் பருத்தி. பூச்சே கிடையாது. ஆனால் இழைகள் குறுக்குச் சாய்வாக வரும்படி போர்த்தினார்கள். துணியே சட்டத்துக்கு முட்டுக்கொடுத்தது. ஆளுக்கு ஆள் துணி வேறு. யோசித்த விதம் ஒன்றுதான்.

அவருடைய கடைசிக் குழந்தை ‘டெமுவாசெல்’. தட்டான் என்று பொருள். மூங்கில் உடல், இறுகப் போர்த்திய பட்டு இறக்கை. அகலம் ஐந்து மீட்டர் சொச்சம், விமானியைச் சேர்க்காமல் எடை சுமார் 110 கிலோ. இன்று ஆர்வலர்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டும் குட்டி விமானங்களுக்கெல்லாம் இதைப் பாட்டி என்று சொல்லலாம். காரணம், அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவே இல்லை. வேண்டியவர் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ பத்திரிகையில் அதன் வரைபடங்கள் வெளிவந்தன.

அப்படியானால் நாமும் பட்டு போர்த்தலாமா? வேண்டாம். வெயிலில் பட்டு சீக்கிரம் வலுவிழக்கும். இன்று குட்டி விமானம் கட்டுபவர்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி எடுக்கிறார்கள். மெல்லிய ரகமே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம், அவருடைய பட்டைப் போல இரண்டு மடங்கு. சட்டத்தில் ஒட்டி, சூடு அளந்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருங்கி முரசுத் தோல் போல இறுகும். அதற்கும் வெயில் எதிரிதான். அதனால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு அவசியம். அதற்குமேல் வரும் வண்ணம்தான் நம் ஆசை. அங்கேதான் கை நிற்க வேண்டும். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது பட்டை இல்லை. இழுத்துப் பார், எடை போடு, பிறகு முடிவு செய் என்ற பழக்கத்தை.

1910-இல் ஒரு கம்பி அறுந்து விழுந்தார். நரம்பு நோயும் பிடித்தது, பறப்பதை நிறுத்தினார். அப்புறம் வந்தது உலகப்போர். விமானம் குண்டு போடும் கருவியானதை அவர் மனம் தாங்கவில்லை. 1926-இல், போரில் விமானங்களைத் தடை செய்யுமாறு சர்வதேச சங்கத்துக்கு எழுதினார், பலனில்லை. 1928-இல் கப்பலில் தாயகம் திரும்பியபோது, அவரை வரவேற்கப் பறந்து வந்த விமானம் அவர் கண்ணெதிரே கடலில் விழுந்து, அதிலிருந்த அனைவரும் மாண்டார்கள். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவில்லை. 1932 ஜூலை 23 அன்று, பிரேசிலில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 59.

இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. துணி எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்த்தவர் அவர். மனம் எவ்வளவு தாங்கும் என்று அளக்கக் கருவி இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ பாரம் கூடுவதாகத் தெரிந்தால், வாரக் கூட்டத்துக்கு வாங்க, யாரிடமாவது பேசுங்க. தனியாகச் சுமக்க வேண்டாம்.

எங்கள் குழு அடுத்த விமானத்தைத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன் நான். பெயிண்ட் டின்னையும் அதில் வைத்துத்தான் திறக்கிறோம்.