வங்கி வேலையை விட்டுட்டு பறவைகளை எண்ணப் போனவர்... யார் இந்த ஃபிராங்க் சாப்மன்?

1886-ம் ஆண்டு. நியூயார்க் கடைவீதியில் ஓர் இளைஞர் இரண்டு நாள் மதியம் நடந்துகொண்டே இருக்கிறார். எதையும் வாங்கவில்லை. எதிரே வரும் பெண்களின் தொப்பிகளை மட்டும் பார்த்துக் கணக்கு எடுக்கிறார். மொத்தம் 700 தொப்பிகள். அதில் 542-ல் பறவை இறகுகள். சிலவற்றில் முழுப் பறவையையே பதப்படுத்தி வைத்துத் தைத்திருந்தார்கள். மரங்கொத்தி, ஆலா, ஆந்தை என 40 வகைகளை அவரால் அடையாளம் காண முடிந்தது.

அவர்தான் ஃபிராங்க் சாப்மன். இன்னைக்கு நம்ம ஊர் மாணவர்கள் கல்லூரி வளாகத்தில் பறவைகளை எண்ணி மொபைலில் பதிவு செய்றாங்களே, அந்தப் பழக்கத்தின் முக்கியமான வேர் இவரிடம்தான் இருக்கிறது.

ரயிலுக்கு முன் ஒரு நடை

சாப்மன் 1864-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேராக வங்கி வேலை. கல்லூரிப் பக்கமே போகவில்லை.

1884-ல் ஓர் அழைப்பு அவர் கண்ணில் படுகிறது. எந்தப் பறவை எந்தத் தேதியில் வலசை வருகிறது என்று குறித்து அனுப்பத் தன்னார்வலர்கள் தேவை என்றது அது. சாப்மன் தினமும் விடியும்போதே எழுந்து ஊர்ப்புறத்தைச் சுற்றுவார். பிறகு ரயிலைப் பிடித்து வங்கிக்குப் போவார். அவர் அனுப்பிய குறிப்புகள் நிபுணர்களின் பாராட்டைப் பெற்றன. இரண்டே வருடத்தில் வங்கி வேலைக்கு டாட்டா.

1888-ல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பட்டம் எதுவும் படிக்காத அந்த மனிதர், பின்னாளில் அங்கேயே பறவைகள் துறையின் தலைவரானார்.

துப்பாக்கிக்குப் பதில் நோட்டு

அந்தக் காலத்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு அணியாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். எந்த அணி அதிக உயிர்களைச் சுட்டுக் குவிக்கிறதோ, அதற்கே வெற்றி.

சாப்மனும் துப்பாக்கியே தொடாதவர் இல்லை. அருங்காட்சியகத்துக்காக அவரே பறவைகளைச் சுட்டுச் சேகரித்திருக்கிறார். ஆனா, பொழுதுபோக்குக்காகக் கொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. திட்டிக் கட்டுரை எழுதியதோடு நிற்காமல், மாற்று வழி ஒன்றைச் சொன்னார். 1899-ல் அவர் தொடங்கிய 'பேர்ட் லோர்' பத்திரிகையில், அதே நாளில் அதே உற்சாகத்தோடு பறவைகளைச் சுடாமல் எண்ணி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

1900 டிசம்பர் 25. 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். சுமார் 90 வகைப் பறவைகள் பதிவாகின.

இதில் என்ன ஸ்பெஷல்?

சாப்மன் கேட்ட விவரங்கள் ரொம்ப எளிமையானவை. இடம், நேரம், வானிலை, காற்று, வெப்பநிலை, எந்தப் பறவை, எத்தனை. அவ்வளவுதான். ஆனா, விஷயமே இதில்தான் இருக்கு. 10 நிமிடத்தில் 20 மைனா பார்ப்பதும், நாள் முழுக்க அலைந்து 20 மைனா பார்ப்பதும் ஒன்றல்ல. எவ்வளவு நேரம் தேடினோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான், இந்த வருடக் கணக்கை அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியும்.

இதைச் செய்யப் பட்டமோ ஆய்வகமோ தேவையில்லை. பள்ளி மாணவரே செய்யலாம். 'பேர்ட் லோர்' பத்திரிகையும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனிப் பக்கங்கள் ஒதுக்கியது.

1945-ல் சாப்மன் இறந்தார். கணக்கெடுப்பு நிற்கவில்லை. இப்போது 2,500-க்கும் அதிகமான இடங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 300 கோடி பறவைகளை இழந்துவிட்டதாக 2019-ல் ஓர் ஆய்வு வெளியாகி உலகையே அதிரவைத்தது. அதற்குப் பயன்பட்ட தரவுகளில் இந்த கிறிஸ்துமஸ் கணக்கும் ஒன்று.

நம்ம ஊரில்?

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பில் கல்லூரி வளாகங்களும் கலந்துகொள்கின்றன. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்து, இ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும்.

புதிதாக எண்ணுபவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்வார்கள். அரிய பறவையைத் தேடிக்கொண்டே, காக்காயையும் மைனாவையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். தினமும் பார்க்கும் பறவைதானே என்ற நினைப்பு. ஆனா, இன்றைய எண்ணிக்கை நோட்டில் இல்லையென்றால், 20 வருடம் கழித்து அது பாதியாகக் குறைந்தாலும் யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் அடுத்த முறை எண்ணப் போகும்போது, முதல் வரியில் காக்காயை எழுதுங்கள்.