கருவறையைக் காட்டித் தந்த இயன் டொனால்ட்

திரியாயிலிருந்து ஸ்கேன் பரிசோதனைக்குப் புறப்படும் இளம் கர்ப்பிணியிடம், நிறையத் தண்ணீர் அருந்திவிட்டு வருமாறு கூறுவது வழக்கம். நிரம்பிய சிறுநீர்ப்பையின் ஊடாகக் கருவைத் தொடக்க வாரங்களிலேயே காணலாம் என்பதை 1963இல் கண்டறிந்தவர், கிளாஸ்கோ பல்கலைக்கழக மகப்பேற்றியல் பேராசிரியர் இயன் டொனால்ட்.

1910இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வைத்தியராக இருந்தபோது, எதிரொலியால் பொருளை அறியும் நுட்பம் அவர் மனதில் பதிந்தது. திருகோணமலைத் துறைமுகத்துப் போர்க்கப்பல்கள் நீர்மூழ்கிகளைத் தேடியதும் அதே நுட்பத்தால்தான். 1955 ஜூலையில், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோக வெடிப்பைக் காட்டும் கழியொலிக் கருவி அங்கிருந்தது. ஒப்பிடுவதற்கு நிறுவனம் கொடுத்தது ஒரு துண்டு மாட்டிறைச்சி! நகைத்தவர்கள் பலர். தீராத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட பெண்ணொருவருக்கு இருப்பது சூலக நீர்க்கட்டியே எனக் கருவி காட்டியதும், அவர் சத்திரசிகிச்சையால் பிழைத்ததும் நகைப்பை அடக்கின. பொறியியலாளர் டொம் பிரவுண், வைத்தியர் ஜோன் மக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வு 1958இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று.

இன்று 18 முதல் 22 வாரங்களுக்குள் சிசுவின் மூளை, இருதய அறைகள், சிறுநீரகம், முள்ளந்தண்டு யாவும் ஆராயப்படுகின்றன. டொனால்டை வாட்டியதும் இதன் மறுபக்கமே. 1967ஆம் ஆண்டின் பிரித்தானியக் கருக்கலைப்புச் சட்டத்தை, சிசுவின் படங்களைக் காட்டி எதிர்த்தவர் அவர். ஆயினும் 1972இல், மண்டையோடு வளராத சிசுவை அவரிடம் பயின்ற ஸ்டுவர்ட் கேம்பல் ஸ்கேனில் இனங்கண்டார், அக்கரு கலைக்கப்பட்டது.

மூன்று இருதய சத்திரசிகிச்சைகளைத் தாங்கிய டொனால்ட் 1987 ஜூன் 19ஆம் திகதி காலமானார். பெண் சிசுவை ஸ்கேனில் அறிந்து அழிப்பதைத் தடுக்க இந்தியா சட்டம் இயற்றியது, அதற்கு ஏழு ஆண்டுகளின் பின்னர்.