பொன்னிருக்கை காத்த அன்னை

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், குமாசியைத் தலைநகராகக் கொண்டு செழித்திருந்தது அசாந்தி அரசு. அந்நிலத்தில் இருக்கை என்பது வெறும் மரப்பொருள் அன்று. குமாசிக்கு அருகிலுள்ள அஹ்வியா என்னும் ஊரில் இன்றும் தச்சர்கள் ஒரே மரத்துண்டைக் குடைந்து இருக்கைகளைச் செய்கின்றனர். ஒருவர் அமரும் இருக்கையில் அவரது உயிரின் கூறு தங்கும் என்பது மக்கள் நம்பிக்கை. இருக்கைகளுள் தலையாயது பொன்னிருக்கை. அரசை நிறுவிய மன்னர் ஒசெய் டூட்டுவின் மடியில், பூசாரி அனோக்கியேயின் வேண்டுதலால் அது வானிலிருந்து இறங்கியதாகத் தொன்மம் கூறும். இனத்தின் உயிரே அதில் உறைவதால் மன்னரும் அதன்மேல் அமர்வதில்லை.

அதனைக் காக்கப் போர்க்கோலம் பூண்டவர் எஜிசு பகுதியின் அரசியன்னை யா அசாந்தேவா. அசாந்தியரிடையே அரசுரிமை தாய்வழியே வருவது. ஆதலால் தலைவரை முன்மொழியும் உரிமை அரசியன்னைக்கே உண்டு.

1896இல் ஆங்கிலேயர் மன்னர் பிரெம்பேயைச் சிறைப்பிடித்து நாடுகடத்தினர். எஜிசுவின் தலைவராயிருந்த யா அசாந்தேவாவின் பேரனும் உடன் கொண்டுசெல்லப்பட்டார். 1900 மார்ச் 28 அன்று குமாசியில் தலைவர்களைக் கூட்டிய ஆளுநர் ஹாட்ஜ்சன், தாம் அமர்வதற்குப் பொன்னிருக்கையைக் கொண்டுவராதது ஏன் எனக் கடிந்துகொண்டார். அறியாமைதான், ஆயினும் அதிகாரத்தோடு சேர்ந்த அறியாமை.

தலைவர்கள் தனியே கூடியபோது சிலர் தயங்கினர். ஆடவர் முன்வராவிடில் பெண்களே களம் புகுவர் என்று யா அசாந்தேவா முழங்கியதாக வழிவழியாகச் சொல்வர். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ அறுபது. அவர் தலைமையில் குமாசிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. பாதைகளின் குறுக்கே மரத்தடுப்பரண்கள் எழுந்தன. கோட்டைக்குள் உணவு அருகியது. பசியும் நோயும் வாட்ட, ஜூன் மாதம் ஆளுநர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். ஜூலையில் ஆங்கிலேயரின் துணைப்படை வந்தபின் போரின் போக்கு மாறியது.

1901இல் யா அசாந்தேவா பிடிபட்டார். இந்தியப் பெருங்கடலிலுள்ள சீசெல்சு தீவுகளுக்கு அனுப்பப்பட்ட அவர், 1921இல் அங்கேயே மறைந்தார். மன்னர் பிரெம்பே தாயகம் திரும்பியதோ 1924இல்தான்.

ஆங்கிலேயர் நாட்டைக் கைப்பற்றினர். பொன்னிருக்கையைக் கைப்பற்ற இயலவில்லை. மண்ணில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அதனை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் சாலை அமைத்தோர் தற்செயலாகக் கண்டனர். அதன் பொருளை அதற்குள் உணர்ந்திருந்த ஆங்கில அரசு, அதற்கு உரிமை கோரவில்லை. அரிதாகவே மக்கள்முன் கொண்டுவரப்படும் அவ்விருக்கை, இன்றும் தனக்கென அமைந்த தனி ஆசனத்தின்மீதே வைக்கப்படுகிறது.